தோசைக்கல்லில் பிராட்வர்ஸ்ட் (ஜெர்மன் வகை சாசேஜ், சுருக்கமாக பிராட்) சரிப்படுமா? ஞாயிறு 22 பேர் வருகிறார்கள்

மில்வாக்கி மதுரைக்காரி:
அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து மில்வாக்கிக்கு வந்து மூன்று வருடம். இவ்வளவு நாள் பேக்கர்ஸ் (இந்த மாநிலத்து அமெரிக்கக் கால்பந்து அணி) ஆட்டத்தன்று யார் வீட்டிலாவது சாப்பிட்டுவிட்டு வந்துகொண்டிருந்தோம். இந்த ஞாயிறு எங்கள் வீட்டில். ஆட்டம் பகல் 12 மணிக்கு. "பிராட் நாங்களே போடுகிறோம்" என்று கணவர் அலுவலகத்தில் வீரமாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். போடப்போவது யார் என்று கேட்க ஆளில்லை.

போன மாதம் ஐந்தை வைத்து ஒத்திகை பார்த்தேன். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து நேராகப் பெரிய தீ. இட்லியைக் குத்திப் பார்க்கிற கை சும்மா இருக்குமா, முள்கரண்டியால் ஒரு குத்து. கொழுப்பு பீறிட்டு அடுப்பில் விழுந்து வீடு முழுக்கப் புகை, அலாரம் அலறல், கீழ்வீட்டுப் பாட்டி கதவைத் தட்டி விசாரிப்பு. வெட்டினால் வெளியே கரி, உள்ளே பச்சை.

எங்கள் பால்கனியில் கரி அடுப்பு வைக்க அனுமதி இல்லை. இருப்பது மின் அடுப்பு, ஊரிலிருந்து சுமந்துவந்த இரும்பு தோசைக்கல், ஒரு பிரியாணி அண்டா. பியரில் வேகவைக்க வேண்டுமா? எத்தனை வாங்குவது? ஆறு பேர் பன்றி சாப்பிட மாட்டார்கள், மூன்று பேர் சைவம்.

ஷெபாய்கன் சித்தப்பா:
தங்கச்சி, எங்கள் ஷெபாய்கனில் போய் பியரில் வேகவைப்பேன் என்று சொல்லிவிடாதீர்கள், முகத்தைச் சுளிப்பார்கள். 1953இலேயே பிராட்டுக்குத் திருவிழா எடுத்த ஊர் இது. பச்சையாகவே கரித்தணலில் போட்டுத் திருப்பிக்கொண்டே இருப்பார்கள். அதற்குப் பெயர் 'பிராட் ஃப்ரை', ஆனால் பொரிக்கிற சட்டியே கிடையாது! வெந்த பிறகுதான் பியர், வெண்ணெய், வெங்காயக் குளியல், அதுவும் சூடு ஆறாமல் இருக்க.

உங்களிடம் தணல் இல்லை, கூட்டமோ பெரிது. அதனால் இந்த ஒரு தடவை முதலில் பியரில் வேகவைக்கும் மில்வாக்கிக்காரர்கள் வழியிலேயே போங்கள், நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்.

பன்றி சாப்பிடுகிறவர்கள் 13 பேர், ஆளுக்கு இரண்டு, கூட நாலு. 30 வாங்குங்கள். அண்டாவில் ஆறு கேன் சாதாரண லாகர் பியர், நான்கு பெரிய வெங்காயம் நீளவாக்கில், 100 கிராம் வெண்ணெய், மிளகு. கசப்பான ஐபிஏ வகை பியர் வேண்டவே வேண்டாம், சுண்டச் சுண்டக் கசப்பு ஏறும். பிராட்டைக் குளிர்ந்த பியரிலேயே போட்டு, மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் சேர்த்து அப்புறம் அடுப்பைப் பற்றவையுங்கள். ஓரத்தில் சின்னக் குமிழி வந்தால் போதும். தளதளவென்று கொதித்தால் தோல் வெடித்துவிடும். குமிழி வந்து 20 நிமிடம் கழித்து வெப்பமானியை நுனிவழியாக நீளவாக்கில் செருகிப் பாருங்கள், நடுவில் 160 டிகிரி ஃபாரன்ஹீட் காட்ட வேண்டும். பக்கவாட்டில் குத்தினால் சாறெல்லாம் ஓடிவிடும். முள்கரண்டியை அன்றைக்கு ஒளித்து வையுங்கள்.

தோசைக்கல் தாராளமாகச் சரிப்படும். மின் அடுப்பில் கல்லின் நடுவில்தான் சூடு இருக்கும், ஆகவே ஒரு தடவைக்கு ஆறுதான். மிதமான சூட்டில் இடுக்கியால் உருட்டி உருட்டிச் சிவக்க விடுங்கள். சிவந்ததை மறுபடி அண்டாவில் போட்டுச் சிறுதீயில் வையுங்கள். இரண்டாம் பாதி வரை தாங்கும்.

கிரீன்பே அக்கா:
பன்றி வேண்டாம் என்பவர்களுக்குச் சிக்கன் பிராட் வாங்குவதாக இருந்தால் அட்டையில் பொடி எழுத்தைப் படியுங்கள். உள்ளே கோழி, மேல் தோல் பன்றிக்குடல் என்று பல வரும். நான் ஒரு தடவை படிக்காமல் பரிமாறிவிட்டு, விருந்தாளி படித்துச் சொன்னபோது தலைகுனிந்து நின்றேன். ஹலால் பார்க்கிறவர்கள் என்றால் ஹலால் கடை மாட்டு சாசேஜே நல்லது. தனிப் பாத்திரம், தனி இடுக்கி, பியருக்குப் பதில் வெங்காயம் போட்ட தண்ணீர். கோழி என்றால் 165 டிகிரி.

சும்மா ஒரு ஆள்:
ஹாட்டாக் பன் வாங்காதீர்கள், சாறு பட்டதும் ஊறிக் கிழிந்துவிடும். மேல் மொறுமொறுப்பாக இருக்கும் ஹார்ட் ரோல் கேளுங்கள். காரமான பழுப்புக் கடுகு விழுது, பச்சை வெங்காயம், பிழிந்தெடுத்த சவர்க்ராட் (புளிக்கவைத்த முட்டைக்கோஸ்). கெச்சப்பைக் குழந்தைகள் பக்கம் வைத்துவிடுங்கள். சைவக்காரர்களுக்கு அதே ரோலில் வெண்ணெயில் வதக்கிய வெங்காயமும் பன்னீரும், பாத்திரம் வேறு.

மில்வாக்கி மதுரைக்காரி:
ஞாயிறு முடிந்தது. எல்லோருக்கும் நன்றி. காலை 10 மணிக்கு அண்டாவை ஏற்றினேன், 30இல் இரண்டுதான் வெடித்தன. அலாரம் வாயே திறக்கவில்லை. கீழ்வீட்டுப் பாட்டிக்கு ஒன்று கொடுத்தனுப்பினேன், தட்டில் அவர் வீட்டு ஊறுகாய் வெள்ளரி திரும்பி வந்தது.

கல்லைத் தேய்த்துக் கழுவி எண்ணெய் தடவித்தான் வைத்தேன். ஆனாலும் இன்று காலை முதல் தோசையில் லேசாக பிராட்டின் ஜாதிக்காய் வாசம். கணவர் அதைக் கடுகு விழுது தொட்டுச் சாப்பிட்டுவிட்டு, அடுத்த ஆட்டம் எப்போது என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.