கையில் அறுந்த நரம்பு சேர்ந்தது, முதுகில் ஏன் சேரவில்லை?

களக்காட்டான்:
மூன்று வருடம் முன்னால் வாழைத்தார் வெட்டும்போது அரிவாள் நழுவி மணிக்கட்டில் இறங்கியதில் நரம்பு அறுந்துபோச்சு. தைத்தார்கள். கட்டைவிரலும் பக்கத்து இரண்டு விரலும் மரத்துக் கிடந்தன, அப்புறம் உள்ளங்கையில் தொடங்கி நுனி வரைக்கும் சுருக் சுருக்கென்று உணர்ச்சி ஊர்ந்து வந்தது. இப்போது சட்டைப் பொத்தான் போடுகிறேன். போன வருடம் சித்திரையில் சித்தப்பா பனையிலிருந்து விழுந்து தண்டுவடத்தில் அடி, இடுப்புக்குக் கீழே அசைவே இல்லை. "அந்த நரம்பு வளராது" என்று டாக்டர் ஒரே வரியில் முடித்துவிட்டார். இரண்டும் நரம்புதானே?

பாளை வாத்தியார்:
கையில் அறுந்த நரம்பின் இழை நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வளரும், மணிக்கட்டிலிருந்து விரல் நுனிக்கு ஆறு மாதம். அங்கே நரம்பிழையைச் சுற்றியிருக்கும் ஷ்வான் செல்கள் என்ற துணைச்செல்கள் சிதைந்த குப்பையை அள்ளிவிட்டு வரிசைகட்டி நின்று வழிவிடும். தண்டுவடத்தில் வழிவிட ஆளில்லை, இழையைப் போர்த்தியிருக்கும் மயலின் என்ற கொழுப்பு உறையிலுள்ள நோகோ என்ற புரதமும் அடிபட்ட இடத்துத் தழும்பும் மறிக்கின்றன. 1981இல் மான்ட்ரியலில் டேவிட், அகுவாயோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் எலியின் கால் நரம்புத் துண்டைத் தண்டுவடத்துக்குப் பாலமாக வைத்தபோது, வளராது என்றிருந்த இழைகள் அதற்குள் ஓடின. வாழையை வெட்டினால் நடுவில் குருத்து வரும், பனைக்குக் கொண்டை போனால் போனதுதான், அப்படி வைத்துக்கொள்ளுங்கள்.

பொருநைக்கரை:
வாத்தியார் சொன்ன உவமை சரிப்படாது சார், இங்கே இரண்டும் ஒரே மரம். தொடு உணர்ச்சி கடத்தும் செல்லுக்கு ஒரு கிளை தோலுக்கு, ஒரு கிளை தண்டுவடத்துக்கு. தோல் பக்கம் அறுந்தால் வளரும், உள்ளே அறுந்தால் வளராது. ஆனால் எலிக்குத் தோல் பக்கத்துக் கிளையை முதலில் அறுத்துவிட்டால், செல் உசுப்பேறி உள்கிளையும் கொஞ்சம் வளர்கிறது! ஆக இடத்தின் மேல் மட்டும் பழி போட முடியாது. கருவில் இழை நீட்டுகிற செல், இணைப்புகள் போட்டு முடித்ததும் அந்த வேலையை அடக்கிக்கொள்கிறது. பிடென் என்றொரு பிரேக் புரதம், வளர்ந்த எலியில் அதை நீக்கினால், தண்டுவடம் மாதிரியே அறுந்தால் வளராத கண் நரம்பு ஓரளவு வளர்வதை 2008இல் காட்டினார்கள். ஆனால் அதே பிடென்தான் புற்றுநோயையும் அடக்குகிறது, சும்மா கழற்றிப்போட முடியாது.

களக்காட்டான்:
சரி, புரியுது. ஸ்டெம்செல் ஊசி போட்டால் நடப்பார் என்று ஒருத்தர் மூன்று லட்சம் கேட்கிறார்.

பொருநைக்கரை:
கொடுக்காதீங்க அண்ணாச்சி. தண்டுவட அடிக்கு அது இன்னும் ஆய்வுதான், ஆய்வுக்கு நோயாளியிடம் காசு வாங்கக்கூடாது என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) விதி. அந்தப் பணம் இருக்கட்டும், தென்காசி பக்கம் ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்கான மறுவாழ்வு மையம் நடத்தும் அமர் சேவா சங்கத்துக்கு ஒரு தடவை கூட்டிட்டுப் போங்க. படுக்கைப் புண் வராமல் இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் போடுறீங்களா?

களக்காட்டான்:
ராத்திரி சித்தி அலாரம் வைத்து எழுந்து புரட்டுகிறார்.