ரேங்க் கார்டில் அப்பா கையெழுத்தை மகனே போட்டிருக்கிறான், எப்படிக் கண்டிப்பது?

திண்டுக்கல் அம்மா:

மகனுக்குப் பதினொரு வயது. ஐந்தாவது வரை பக்கத்துத் தெருப் பள்ளியில் தமிழ் மீடியம். இந்த வருடம் ஆறாவதுக்கு, வேனில் போய்வரும் தூரத்தில் இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்தோம். ஆடி மாதம் வரை நன்றாகத்தான் இருந்தான். அப்புறம் பேச்சு குறைந்துவிட்டது. சாயங்காலம் வந்ததும் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் படுத்துக்கொள்கிறான். தட்டை எடுத்துக்கொண்டு உள் அறைக்குப் போய்த் தனியாகச் சாப்பிடுகிறான். முன்பு கடையில் அப்பாவோடு உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் வாய் ஓயாமல் பேசுவான். இப்போது கடைப் பக்கமே போவதில்லை.

போன வாரம் வகுப்பு மிஸ் போன் செய்தார். காலாண்டு ரேங்க் கார்டில் அப்பா கையெழுத்தை இவனே போட்டிருக்கிறானாம். கணக்கில் 31, அறிவியலில் 27. வீட்டுக்காரர் அடிக்கவில்லை, அது அவர் வழக்கமும் இல்லை. சைக்கிளைப் பூட்டி வைத்துவிட்டார். அரையாண்டு முடியும்வரை ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட்டும் கிடையாது என்று சொல்லிவிட்டார். பையன் அழவில்லை, சண்டை போடவில்லை. "சரி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. மாமியார் நாலு போடு போடச் சொல்கிறார். கண்டிக்காமல் விடவும் மனசு வரவில்லை. பொய்க் கையெழுத்து சின்ன விஷயமா?

பழைய ஹெட்மாஸ்டர்:

உங்கள் மாமியார் சொல்வதில் தப்பில்லை. எங்கள் காலத்தில் இதற்குப் பிரம்புதான். இன்று செல்லம் கொடுத்துத்தான் பிள்ளைகள் கெடுகிறார்கள்.

ஆறாம் வகுப்பு டீச்சர்:

சார், 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு பள்ளியில் அடிப்பதைத் தடை செய்துவிட்டது. சட்டத்தை விடுங்கள், அடங்காத பிள்ளையையே பிரம்பு திருத்துவதில்லை, ஒடுங்கிப்போன பிள்ளையை என்ன செய்யும்?

அம்மா, நான் அரசு நடுநிலைப் பள்ளியில் ஆறு, ஏழு எடுக்கிறேன். இது சின்ன விஷயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கையெழுத்துக்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம்? அவன் நாலு பேரோடு பேசுகிற ஒரே இடம் அந்த கிரிக்கெட்டாக இருக்கும். அதை மூடினால் அறைக்குள்தான் போவான். தண்டனை தப்போடு ஒட்டியிருக்க வேண்டும். அப்பா அவனோடு பள்ளிக்குப் போகட்டும். மிஸ் முன்னால் அவனே "நான்தான் போட்டேன்" என்று சொல்லட்டும், அப்பா அங்கேயே கையெழுத்துப் போடட்டும். பதினொரு வயதுப் பிள்ளைக்கு இதைவிடக் கடினமான தண்டனை கிடையாது. திரும்பி வரும்போது அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசக்கூடாது. சைக்கிளைக் கொடுத்துவிடுங்கள்.

டிரைக்கர்ஸ் என்ற மனநல மருத்துவர், பிள்ளைகள் தப்பாக நடப்பதன் நோக்கங்களை நாலாகப் பிரித்தார்: கவனம் கேட்பது, அதிகாரம் காட்டுவது, பழிவாங்குவது, "என்னால் முடியாது, விட்டுவிடுங்கள்" என்று ஒதுங்குவது. முதல் மூன்றில் பிள்ளை நம்மோடு மல்லுக்கு நிற்கும். கடைசி வகை "சரி" என்று சொல்லிவிடும்.

அறிவியல் நோட்டை எடுத்துப் பாருங்கள். போர்டில் இருப்பதைப் பாதியில் விட்டிருந்தால் முதலில் கண்ணைச் சோதியுங்கள். ஒரு பத்தியைத் தமிழில் வாசிக்கச் சொல்லுங்கள். தமிழ் சரளமாக வந்து இங்கிலீஷில் மட்டும் திணறினால் அது மீடியம் மாறிய கஷ்டம், ஆள் வைத்துச் சரிசெய்யலாம். தமிழிலேயே எழுத்து மாறி, வரி தாண்டினால் கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்ட வேண்டும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அதுவும் மாற்றுத்திறன் பட்டியலில் இருக்கிறது. சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் தருகிறார்கள்.

"ஏன் இப்படிச் செய்தாய்" என்று எதிரே உட்காரவைத்துக் கேட்காதீர்கள். வண்டியில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப் போங்கள். முகம் பார்க்காதபோது பையன்களுக்கு வாய் திறக்கும்.

வேன் பிள்ளையின் அம்மா:

டீச்சர் சொன்னதோடு ஒன்று. வேனில் யார் பக்கத்தில் உட்காருகிறான் என்று டிரைவர் அண்ணனிடம் கேளுங்கள். என் மகளுக்குப் பிரச்சினை வகுப்பில் இல்லை, வேனின் கடைசி சீட்டில் இருந்தது. டிபன் பாக்ஸ் மிச்சத்தோடு வருகிறதா, வந்ததும் பாத்ரூமுக்கு ஓடுகிறானா என்றும் பாருங்கள். பள்ளிக் கழிவறைக்குள் போகவே பயப்படுகிற பிள்ளைகள் உண்டு. தூக்கமோ சாப்பாடோ கெட்டு இரண்டு வாரத்துக்கு மேல் போனால், அல்லது "நான் இல்லாமலே போயிடலாம்" மாதிரி பேச்சு வந்தால் காத்திருக்காதீர்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, இலவசம், தமிழில் பேசலாம், ராத்திரியிலும் எடுப்பார்கள். யாராவது துன்புறுத்துவது தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098.

திண்டுக்கல் அம்மா:

நன்றி. நோட்டைப் பார்த்தேன். தமிழ் நோட்டு அழகாக இருக்கிறது. அறிவியலில் படம் மட்டும் போட்டிருக்கிறான், கீழே எழுத்து இல்லை. தமிழில் கடகடவென்று வாசிக்கிறான். பள்ளிக்குப் போக வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டார், ஆனால் சைக்கிள் சாவியை இன்னும் கொடுக்கவில்லை. மிஸ்ஸைப் பார்த்துவிட்டு வந்து தருவாராம். டிரைவரிடம் நாளைக் காலையில் கேட்கிறேன். டீச்சர், அறிவியலைத் தமிழில் சொல்லிக்கொடுத்து, பிறகு இங்கிலீஷ் வார்த்தைகளை மட்டும் பழக்கினால் போதுமா? டியூஷனில் அப்படிச் செய்ய மாட்டேன் என்கிறார்கள்.

ஆறாம் வகுப்பு டீச்சர்:

போதும். டியூஷனே வேண்டாம், சமச்சீர் தமிழ் மீடியம் அறிவியல் புத்தகம் வாங்கிப் பக்கத்தில் வையுங்கள். அவன் பள்ளியிலும் சமச்சீர் என்றால் பாடம் ஒன்றுதான். அவன் போட்ட படத்துக்கு முதலில் தமிழில் பெயர் எழுதட்டும்.