உதட்டுக் கொப்பளம்: உங்களுக்கு எங்கே வந்தது?

கிளிநொச்சி அக்கா
தங்கச்சியின் பிள்ளைக்கு 31ஆம் நாள் துடக்குக் கழிவு. பரந்தனில் இருந்து வந்த சின்ன மாமாவுக்கு உதட்டுக் கரையில் அந்தக் கொப்பளம், தெரியும்தானே, நீர் கோர்த்து நாலைந்து ஒன்றாய் நிற்கும். பிள்ளையைக் கொஞ்சக் குனிந்தார். அம்மம்மா சட்டென்று தன் உள்ளங்கையை அவர் வாய்க்கும் பிள்ளையின் கன்னத்துக்கும் நடுவில் வைத்துவிட்டார். மாமாவின் உதடு அந்தக் கையில்தான் பட்டது. "பூச்சி பட்ட வாயோட பிள்ளையைக் கொஞ்சாதை." மாமா சாப்பிடாமலே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அம்மம்மா செய்தது சரிதான். ஆனாலும் மாமாவின் முகம் மனதை விட்டுப் போகுதில்லை.

மல்லாவி விவசாயி
எனக்கு உதட்டில் இல்லை, மூக்குத் துவாரத்துக்குக் கீழே. மாசி வெயிலில் அரிவி வெட்டில் நின்றால் அந்த இடம் முதலில் குறுகுறுக்கும், பிறகு கொப்பளம். ஒவ்வொரு முறையும் அதே இடம். அக்கி என்று சொல்லிக் காவி பூசிவிட்டார்கள். நெல் ஏற்ற வந்த பெடியன் என் முகத்தைப் பார்த்தான். காசை என் கையில் தரவில்லை, மூட்டைக்கு மேலே வைத்துவிட்டுப் போனான். நீட்டிய கையை மடக்கியது இன்றும் நினைவில் நிற்கிறது.

முள்ளியவளை அம்மா
பூச்சி, அக்கி என்று மேலே எழுதியிருப்பதை ஏற்க மாட்டேன். என் மகனுக்கு மூன்று வயதில் முதன்முதல் வந்தபோது முரசெல்லாம் வீங்கி, காய்ச்சலோடு தண்ணீர்கூடக் குடிக்காமல் அழுதான். டொக்டர் விளங்கப்படுத்தியதை எழுதுகிறேன்.

இது ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் என்ற வைரஸ். உலகத்தில் 50 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரின் உடம்பில் இருக்கிறது, பலருக்கு ஒரு கொப்பளமும் வராது. ஒருமுறை புகுந்தால் முகத்து நரம்பின் முடிச்சில் ஒளிந்திருக்கும். வெயில், காய்ச்சல், களைப்பு, மாதவிடாய் என்று ஏதாவது வந்தால் அதே நரம்பு வழியாக இறங்கும், அதனால்தான் மல்லாவி அண்ணாவுக்கு எப்போதும் ஒரே இடம். உதட்டுக் கரை, மூக்கடி, நாடி, கன்னம், சிலருக்கு விரல் நுனி. அக்கி என்பது பெரும்பாலும் கொப்பளிப்பான் வைரஸ் திரும்ப எழும்புவது. அது உடம்பில் ஒரு பக்கமாகப் பட்டையாய் வரும். கன்னத்தின் உட்பக்கம் வெள்ளையாய் வரும் வாய்ப்புண்ணும் வேறு, அது தொற்றாது. கடைவாய் வெடிப்பும் வேறு.

கொப்பளம் தானாகவே 7 முதல் 10 நாளில் காயும். அசைக்குளோவிர் கிறீம் பூசுவதென்றால் குறுகுறுக்கும்போதே தொடங்க வேண்டும். பொருக்கைப் பிய்க்காதீர்கள். ஒரே கோப்பை, ஒரே துவாய் வேண்டாம். பிறந்து சில வாரமான பிள்ளைக்கு இது உயிராபத்து, மூளைவரை போகலாம். கிளிநொச்சி அக்கா, இதை மாமாவுக்கு ஆறுதலாகச் சொல்லுங்கோ. கோபிக்க மாட்டார்.

காசு கையில் கொடுத்தால் தொற்றாது என்பதையும் அந்தப் பெடியனுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

மாங்குளம்
கண்ணை எல்லாரும் விட்டுவிட்டீர்கள். என் மனைவிக்கு உதட்டில் வந்து, பிறகு ஒரு கண் சிவந்து, வெளிச்சம் பார்க்க முடியவில்லை. பக்கத்து வீட்டில் ஸ்டீரொயிட் கண்துளி ஒன்றைக் கொண்டுவந்து தந்தார்கள். அதைக் கண்ணில் விடாமல் கண் டொக்டரிடம் போனோம். செம்மஞ்சள் மருந்துக் கடதாசியைக் கண்ணில் தொட்டு நீல வெளிச்சம் அடித்தார். கருவிழிமேல் பச்சையாக ஒரு கோடு, மரம்போலக் கிளைவிட்டு. எனக்கும் காட்டினார். அந்தத் துளியை விட்டிருந்தால் கிளை இன்னும் படர்ந்து பார்வையே போயிருக்கலாம் என்றார். மல்லாவி அண்ணா, மூக்கடிக் கொப்பளத்தைத் தொட்ட கையால் கண்ணைக் கசக்காதீர்கள். கண் சிவந்தால் அன்றே போங்கள்.