பிஎஸ்5 ஸ்லிம்: டிஸ்க் மாடலா, டிஜிட்டலா? வாங்கினவங்க சொல்லுங்க

வணக்கம் நண்பர்களே. ஃபைனல் ஃபேன்டஸி 7 ரீமேக் கேமை பிஎஸ்4-ல (ப்ளேஸ்டேஷன் 4) முடிச்சதுல இருந்து அடுத்த பாகமான ரீபர்த் மேலதான் கண்ணு. 1997-ல வந்த ஒரே கேமை மூணு பாகமாக்கி காசு பார்க்குறாங்கன்னு திட்டுறவங்க நிறைய. எனக்கு அப்படித் தோணல. கேம்ல வர்ற மிட்கார் நகரத்துச் சேரிக்குள்ள சுத்தி வந்தவங்களுக்கு அதுல இருக்கிற உழைப்பு தெரியும். ஆனா 2024-ல வந்த ரீபர்த், பிஎஸ்4-க்கு வரவே இல்ல.

அதனால கன்சோலை மாத்தியே ஆகணும். 2024 ஏப்ரல்ல இந்தியாவுக்கு பிஎஸ்5 ஸ்லிம் வந்தப்போ டிஸ்க் மாடல் 54,990 ரூபாய், டிஸ்க் டிரைவ் இல்லாத டிஜிட்டல் 44,990. பத்தாயிரம் மிச்சம்னு மனசு டிஜிட்டல் பக்கம் சாயுது. ஆனா பார்த்துப் பார்த்துச் சேர்த்த பிஎஸ்4 டிஸ்க் எதையும் அதுல போட முடியாதே!

ஸ்லிம்ல டிஸ்க் டிரைவைத் தனியா வாங்கி அப்புறமா மாட்டிக்கலாம். அப்படிச் செஞ்சவங்க இருக்கீங்களா? மதுரை, திருச்சி பக்கம் வாரண்டியோட, நியாயமான விலைக்குக் கிடைக்குதா? முதல் தடவை மாட்டும்போது நெட் கனெக்‌ஷன் வேணும். செகண்ட் ஹேண்ட் டிரைவ்னா அங்க ஏதாவது சிக்கல் வருமா? விளையாடி முடிச்சதும் டிஸ்க்கை வித்துடுறவங்க, பாதி விலையாவது திரும்ப வருதான்னும் சொல்லுங்க. இந்த மாசமே வாங்கணும்.