லாப நோக்கமற்ற ரெஜிஸ்ட்ரி என்றால் டொமைன் பத்திரம்தானா?

குறிஞ்சி (கேள்வி)
ஓர் அறக்கட்டளைக்கு டாட் ஆர்க் (.org) இணையதளப் பெயர் எடுக்கலாமா என்று பேச்சு நடக்கிறது. 2019-இல் அந்தப் பெயர்களின் மூலப் பதிவேட்டை நடத்தும் ரெஜிஸ்ட்ரியையே விற்கப் பார்த்தார்கள் என்று சிலர் தயங்குகிறார்கள். நடத்துவது லாப நோக்கமற்ற அமைப்பு என்றால் போதாதா? வேறு எதைப் பார்க்க வேண்டும்?

வேர்மண்டலம்
போதாது. டாட் ஆர்க்கை 2003 முதல் நடத்தும் பிஐஆர் (பப்ளிக் இன்டரெஸ்ட் ரெஜிஸ்ட்ரி) லாப நோக்கமற்றது. அதன் தாய் அமைப்பான இன்டர்நெட் சொசைட்டியும் அப்படித்தான். அப்படியிருந்தும் 2019 நவம்பரில் எதோஸ் கேப்பிட்டல் என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு 113.5 கோடி டாலருக்கு விற்க ஒப்புக்கொண்டார்கள். ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் விலை ஏற்றக்கூடாது என்ற வரம்பை, டொமைன் பெயர்களை உலக அளவில் ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பு, பிஐஆருடனான ஒப்பந்தத்திலிருந்து எடுத்தது அதே ஆண்டு ஜூனில். விற்பனைத் திட்டப்படி 36 கோடி டாலர் கடன் பிஐஆர் தலையில் விழும். அதற்கு வட்டி கட்டப் பணம் வரும் வழி ஒன்றுதான்: நாம் கட்டும் புதுப்பிப்புக் கட்டணம்.

தடுத்தது ஒப்பந்தத்தின் ஒரே ஒரு பிரிவு. ரெஜிஸ்ட்ரி கைமாற ஐகானின் முன் ஒப்புதல் வேண்டும். ஐகான் கலிஃபோர்னியாவில் பதிவான பொதுநல அமைப்பு என்பதால் அம்மாநில அரசின் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரலும் கண்காணிக்கலாம். அவர் எதிர்த்துக் கடிதம் எழுதினார். 2020 ஏப்ரல் 30 அன்று ஐகான் ஒப்புதல் மறுத்தது. அந்தப் பிரிவு இல்லாத இடத்தில் எத்தனை பேர் கையெழுத்திட்டு எதிர்த்தாலும் பிடிமானம் கிடைக்காது.

நெய்தல்
இதோடு, இயக்குநர்களை யார் நீக்கலாம் என்பதையும் பாருங்கள். பிரிட்டனின் டாட் யுகே-யை நடத்தும் நாமினெட் உறுப்பினர் அமைப்பு. 2021 மார்ச்சில் உறுப்பினர்கள் சிறப்புக் கூட்டம் கூட்டி, 52.74 சதவீத ஓட்டில் தலைவரையே வெளியேற்றினார்கள். ஆனால் உறுப்பினர்களில் பெரும்பாலோர் ரெஜிஸ்ட்ரார்கள், அதாவது நமக்கு டொமைன் விற்கும் நிறுவனங்கள். டொமைன் எண்ணிக்கை கூடக் கூட ஓட்டின் எடையும் கூடும். பெயர் வாங்கிய சாதாரண ஆளுக்கு அங்கே குரல் இல்லை. என்னைக் கேட்டால் அது பெரிய குறை.

குறிஞ்சி
அப்படியானால் இந்தியாவின் டாட் இன் (.in) பாதுகாப்பானதா?

வேர்மண்டலம்
அதன் கணக்கு வேறு. டாட் இன் போன்ற நாட்டுக் குறியீடுகளுக்கு ஐகானின் விலை, கைமாற்ற விதிகள் பொருந்தா. டாட் இன் பொறுப்பு இந்திய அரசு சார்ந்த நிக்ஸி அமைப்பிடம் இருக்கிறது. சர்வர் வேலை மட்டும் டெண்டரில் வெளியே போகிறது. 2019-இல் அஃபிலியாஸ் நிறுவனத்திடமிருந்து நியூஸ்டார் நிறுவனத்துக்கு மாறியபோது பின்னணி இயக்கம்தான் மாறியது, பொறுப்பு மாறவில்லை. பொறுப்பையும் இயக்கத்தையும் இப்படிப் பிரித்து வைப்பது நல்ல ஏற்பாடு. டொமைன் வைத்திருப்பவருக்கு அங்கேயும் ஓட்டு கிடையாது.

பதிவேடு
டாட் ஆர்க் எடுங்கள், இரண்டு விஷயத்தில் கவனமாக இருங்கள். ஐகான் ஒப்பந்தப்படி புதுப்பிப்பு விலையை ஏற்ற ரெஜிஸ்ட்ரி 180 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். அந்த அறிவிப்பு போவது ரெஜிஸ்ட்ராருக்கு, உங்களுக்கு அல்ல. அதனால் அவர்களுடைய மெயில்களைக் குப்பைக்கு அனுப்பாதீர்கள். அறிவிப்பு வந்ததும் பழைய விலையில் நீட்டிக்கலாம். மொத்தக் காலம் 10 ஆண்டைத் தாண்டாது.

பதிவு அறக்கட்டளையின் பெயரில் இருக்கட்டும். தளம் வடிவமைத்தவரின் பெயரிலோ, ஒரு பணியாளரின் சொந்த மெயிலிலோ இருந்தால், அவர் விலகிய பிறகு டிரான்ஸ்ஃபர் கோடு (டொமைனை வேறு ரெஜிஸ்ட்ராருக்கு மாற்றத் தேவையான ரகசியக் குறியீடு) கேட்டு அலைய வேண்டியிருக்கும். ரெஜிஸ்ட்ரி எவ்வளவு நேர்மையாக நடந்தாலும் அதை அவர்களால் சரிசெய்து தர முடியாது.