கோர்ஸ் முடிந்தும் டேப் திறக்க மாட்டேன் என்கிறது, என்ன செய்யலாம்?

நொய்யல்கரை:
வணக்கம். அக்கா பையன் நீட் கோச்சிங் சேர்ந்தபோது அந்த ஆன்லைன் பயிற்சி நிறுவனம் (பெயர் வேண்டாம்) ஃபீஸோடு சேர்த்து ஒரு சாம்சங் டேப் கொடுத்தது. இலவசம் என்று நினைக்காதீர்கள், பில்லில் டேப்புக்குத் தனியாகத் தொகை போட்டு ஜிஎஸ்டியும் வாங்கியிருக்கிறார்கள். கோர்ஸ் முடிந்து பையன் இப்போது காலேஜ் போகிறான், பிடிஎஃப் படிக்க, நோட்ஸ் எழுத டேப் வேண்டும். ஆனால் அவர்களுடைய ஆப்பைத் தவிர எதுவும் திறக்கவில்லை, பிளே ஸ்டோர் ஐகானையே காணோம். செட்டிங்ஸில் ரீசெட் மங்கிப்போய் இருக்கிறது, தொட்டால் ஐடி நிர்வாகியைக் கேட்கச் சொல்கிறது. எங்கள் வீட்டில் ஏதுங்க ஐடி நிர்வாகி? கஸ்டமர் கேரில் போனை எடுப்பதில்லை. காந்திபுரத்தில் ஒரு கடையில் ஃப்ளாஷ் அடித்து, அதாவது சாஃப்ட்வேரையே புதிதாக ஏற்றித் தருகிறேன் என்கிறார்கள். கொடுக்கலாமா?

பழுதுநீக்கி:
கொடுப்பதற்கு முன்னால் ஒன்று பாருங்கள். லாக் ஸ்கிரீனின் அடியில் சின்ன எழுத்தில், இந்தச் சாதனம் ஏதோ நிறுவனத்துக்குச் சொந்தம் என்று வருகிறதா?

நொய்யல்கரை:
ஆமாம், அவர்கள் பெயர்தான் வருகிறது. காசு கொடுத்தது நாங்கள், சொந்தம் அவர்களுக்காம்.

பழுதுநீக்கி:
அப்படியானால் இது எம்டிஎம் பூட்டு, அதாவது நிறுவனம் தூரத்திலிருந்தே டேப்பைக் கட்டுப்படுத்துகிற சாஃப்ட்வேர் போட்ட பூட்டு. ஆண்ட்ராய்டில் "டிவைஸ் ஓனர்" என்று ஒரு பதவி உண்டு, டேப்பை முதன்முதலாக ஆன் செய்து செட்டப் பண்ணும்போதுதான் அதை ஒரு ஆப்புக்குக் கொடுக்க முடியும். அந்தப் பதவி கிடைத்த ஆப், எந்த ஆப் திறக்கலாம், ரீசெட் பண்ணலாமா கூடாதா எல்லாவற்றையும் தானே முடிவு செய்யும். ஆபீஸ்களில் கொடுக்கிற போன்களுக்காக வந்த வசதி. பவர் பட்டனும் வால்யூம் பட்டனும் பிடித்து ரெக்கவரி என்கிற பழுதுபார்க்கும் மெனுவுக்குள் போய் ரீசெட் அடிக்கலாமே என்று யாராவது வந்து சொல்வார்கள். ஆனால் சாம்சங்கில் நாக்ஸ் மொபைல் என்ரோல்மென்ட் என்று ஒன்று இருக்கிறது (நாக்ஸ் என்பது சாம்சங்கின் பாதுகாப்பு அமைப்பு), டேப்பின் சீரியல் நம்பர் சாம்சங் சர்வரில் அந்த நிறுவனத்தின் கணக்கில் பதிவாகியிருக்கும். ரீசெட் முடிந்து வைஃபை கொடுத்த உடனே டேப் சர்வரைக் கேட்கும், அது "இவன் நம்ம ஆள்" என்று சொல்லும், பழைய பூட்டு திரும்ப வந்து உட்காரும். கடைக்காரர் ஃப்ளாஷ் அடித்தாலும் சர்வரில் இருக்கிற பதிவு போகாது, அடுத்த ரீசெட்டில் பல்லிளிக்கும். அந்தப் பதிவை நீக்க வேண்டியது பதிவு செய்தவர்கள்தான்.

ரீசெட்டுக்குப் பிறகு கூகிள் கணக்கைக் கேட்கிற எஃப்ஆர்பி பூட்டு வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது ஆண்ட்ராய்டு 5.1 காலத்திலிருந்து இருக்கிற திருட்டுத் தடுப்பு, அதற்குச் சாவி உங்கள் பாஸ்வேர்டு.

தறிமுடிச்சு:
பூட்லோடரை (டேப் ஆன் ஆகும்போது சாஃப்ட்வேரை ஏற்றிவிடுகிற பகுதி) திறந்து வேறு ரோம், அதாவது வேறு ஆண்ட்ராய்டு சாஃப்ட்வேர், போட்டால் தீர்ந்தது. நம் காசு, நம் டேப்.

பழுதுநீக்கி:
தம்பி, பூட்லோடரைத் திறக்க செட்டிங்ஸில் மறைந்திருக்கிற டெவலப்பர் ஆப்ஷனில் ஓஇஎம் அன்லாக் என்கிற அனுமதி வேண்டும். டெவலப்பர் ஆப்ஷனையே எம்டிஎம் மூடி வைத்திருக்கும். அப்படியே திறந்து வேறு ரோம் போட்டாலும் சாம்சங்கில் நாக்ஸ் ஃப்யூஸ் எரிந்துவிடும், அது உள்ளே நிஜமாகவே ஒருமுறை மட்டும் எரிகிற ஃப்யூஸ், திரும்பப் பழைய சாஃப்ட்வேர் போட்டாலும் ஒட்டாது. வங்கி ஆப் பல நேரம் ஓடாது.

கணக்குவாத்தியார்:
நான் கொஞ்சம் எதிர்ப் பக்கம் பேசுகிறேன், அடிக்க வராதீர்கள். எங்கள் தெருவில் ஒரு பெரியவருக்கு வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று ஒரு ஏபிகே (பிளே ஸ்டோர் இல்லாமல் நேராக ஆப்பை இன்ஸ்டால் செய்கிற ஆண்ட்ராய்டு கோப்பு) வந்தது. தொட்டார், இன்ஸ்டால் ஆனது, எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்டது, கொடுத்தார், ஓடிபி எல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டது. டிராஃபிக் சலான் என்ற பெயரிலும் இதே வேலை நடக்கிறது. அவர் கையில் ஐபேட் இருந்திருந்தால் இந்த வழியில் பணம் போயிருக்காது. எல்லாப் பூட்டையும் திட்டுவதற்கு முன்னால் இதையும் யோசியுங்கள். கூகிள் 2025 ஆகஸ்டில், அடையாளம் சரிபார்க்கப்பட்ட டெவலப்பரின் ஆப்தான் இனி சாதாரணமாக இன்ஸ்டால் ஆகும் என்று அறிவித்ததற்கு அவர்கள் சொன்ன காரணமும் இதுதான். பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து நான்கு நாட்டிலும் 2026 செப்டம்பரில் ஆரம்பம், மற்ற நாடுகளுக்கு அதற்குப் பிறகு.

தறிமுடிச்சு:
சார், பெரியவருக்குப் பூட்டு வேண்டும், சரி. ஆனால் எஃப்-டிராய்டு என்கிற இலவசத் திறமூல ஆப் களஞ்சியத்தில் பெயர் போடாமல் ஆப் எழுதி வைக்கிறவன் எதற்குக் கூகிளிடம் அடையாள அட்டை காட்ட வேண்டும்? எதிர்ப்பு கிளம்பின பிறகு, ஆபத்து தெரிந்தவர்களுக்குத் தனி வழி வைப்போம் என்று நவம்பரில் அவர்களே சொன்னார்கள் இல்லையா? ஐபேட் 2010இல் வந்த நாளிலிருந்து இதே சண்டைதான். ஐரோப்பாவில் 2024இல் சட்டம் போட்டு இழுத்த பிறகுதான் அங்கே மட்டும் ஐபேடில் வேறு ஆப் கடை வந்தது. நமக்கு அது இல்லை. அமெரிக்காவில் பாருங்கள், போனை ஜெயில்பிரேக் செய்யலாம், அதாவது கம்பெனி பூட்டை உடைத்து வேறு ஆப் போடலாம் என்று 2010இல் சட்டத்தில் விலக்கு கொடுத்தவர்கள், டேப்லெட்டுக்கு 2015 வரை கொடுக்கவில்லை. திரை கொஞ்சம் பெரிதாக இருப்பது ஒரு குற்றமா!

பழுதுநீக்கி:
இரண்டு பேர் சொல்வதும் எனக்கு ஒப்புதல்தான். பூட்டு இருக்கட்டும், காசு கொடுத்தவனிடம் சாவி வேண்டும், அல்லது சாவி இருக்கிற இடத்துக்குப் போகிற வழியாவது வேண்டும். நம் அரசுப் பள்ளி லேப்டாப்பில்கூடத் திருட்டுப் பூட்டு இருந்தது, லாக் ஆனால் பள்ளிக்கூடத்தில் போய்க் கேட்டுக் கோடு வாங்கினோம், அலைச்சல்தான், ஆனால் கேட்க ஒரு ஆள் இருந்தார். இங்கே போனை எடுக்கவே ஆள் இல்லை.

நொய்யல்கரை, போனை விடுங்கள், எழுத்தில் கேளுங்கள். அவர்கள் வலைத்தளத்தில் கீழே குறைதீர் அதிகாரி என்று ஒரு மின்னஞ்சல் இருக்கும். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, காசு கிடையாது, தமிழிலும் பேசலாம், டாக்கெட் நம்பர் (புகார் எண்) கொடுப்பார்கள். டேப்புக்குத் தனித் தொகை போட்ட பில் உங்களிடம் இருப்பது பெரிய பலம், அதைக் கட்டாயம் இணையுங்கள்.

நொய்யல்கரை:
செய்தேன். மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை. 1915இல் புகார் போட்ட பிறகு அவர்களே கூப்பிட்டு, சீரியல் நம்பரைக் கேட்டு, "ரிலீஸ் பண்ணிவிட்டோம், வைஃபையில் போட்டு வையுங்கள்" என்றார்கள். கொஞ்ச நேரத்தில் ரீசெட் தொடுகிற மாதிரி வந்துவிட்டது. அடித்துப் பார்த்தேன், செட்டப்பில் அவர்கள் பெயர் வரவில்லை, பிளே ஸ்டோர் இருக்கிறது. பையனின் பழைய நோட்ஸ் அவர்கள் ஆப்பிலேயே மாட்டிக்கொண்டது, அது போனது போனதுதான்.

பழுதுநீக்கி:
நல்லது. இன்னொரு தடவை ரீசெட் அடித்துப் பார்த்துவிடுங்கள், சர்வரில் மிச்சம் இருந்தால் அப்போது தெரிந்துவிடும். அனுப்பிய கடிதத்தையும் இங்கே போட முடியுமா? இதே டேப் வைத்துக்கொண்டு நிறையப் பேர் தேடி வருவார்கள்.

நொய்யல்கரை:
இரண்டாவது ரீசெட்டும் அடித்தாயிற்று, சுத்தமாக இருக்கிறது. கடிதம் இதுதான், மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்:

"இணைத்துள்ள பில்லின்படி இந்த டேப்லெட்டை விலை கொடுத்து வாங்கியிருக்கிறேன். பயிற்சிக் காலம் முடிந்துவிட்டது. கீழே உள்ள சீரியல் நம்பரை உங்கள் எம்டிஎம்மிலிருந்தும் நாக்ஸ் என்ரோல்மென்ட் கணக்கிலிருந்தும் நீக்கி, நீக்கியதை எழுத்தில் உறுதி செய்யவும்."

நாக்ஸ் பெயரை விட்டுவிடாதீர்கள். எம்டிஎம்மை மட்டும் நீக்கிவிட்டு வேலை முடிந்தது என்று சொல்லிவிடுவார்கள்.