ரஸ்ஸல் குரூப்ல இல்லன்னா காலேஜே வேஸ்ட்டா?

அஞ்சுரோட்டுக்காரன்:
தங்கச்சி மெட்டீரியல்ஸ்ல எம்.எஸ்சி. படிக்க யூகே போகணும்ங்கறா. சேலத்துல ஒரு கன்சல்டன்சிக்குப் போனோம், அந்தம்மா ஒரு லிஸ்ட்ட எடுத்து 24 பேர் மேல பச்சை ஹைலைட்டர்ல கோடு போட்டு இதுதான் ரஸ்ஸல் குரூப், மத்ததெல்லாம் காசு வேஸ்ட்டுன்னுட்டாங்க. இவளுக்குப் பிடிச்ச பாத் யுனிவர்சிட்டி அதுல இல்ல. அப்பா லோனுக்கு வீட்டுப் பத்திரத்த வேற தேடி எடுத்துட்டாரு. இது என்னங்க, கவர்மெண்ட் ரேங்க்கா?

ஏற்காட்டு மிளகு:
ரேங்க் இல்ல தம்பி, சங்கம். நம்ம கொலுசுப் பட்டறைக்காரங்க சங்கம் வெக்கிற மாதிரிதான். 1994ல 17 யுனிவர்சிட்டிக்காரங்க ஆரம்பிச்சது, லண்டன் ரஸ்ஸல் ஸ்கொயர் ஹோட்டல்ல கூடிப் பேசினதால அந்தப் பேரு. ரிசர்ச் ஃபண்டுக்கு கவர்மெண்ட்கிட்ட ஒண்ணா குரல் குடுக்கத்தான். 2012ல டர்ஹம், யார்க், எக்ஸிட்டர், குயின் மேரி உள்ள வந்தாங்க, அப்ப 2011ல அங்க படிச்சவங்கல்லாம் மக்குகளா?

மாம்பழம்77:
1413ல ஆரம்பிச்ச செயின்ட் ஆண்ட்ரூஸ் யுனிவர்சிட்டியே அதுல கிடையாது. ஆஸ்திரேலியால குரூப் ஆஃப் எய்ட்டு, அமெரிக்கால 1900லயே 14 யுனிவர்சிட்டி சேர்ந்து ஆரம்பிச்ச ஏஏயூங்கற சங்கம், எல்லாம் இதே கதைதான். ஆனா பிஎச்டி ஐடியா இருந்தா அலட்சியமா விடாதீங்க, ரிசர்ச் பணத்துல பெரும்பங்கு அந்த 24க்குத்தான் போகுது. எம்.எஸ்சி. மட்டும்னா சிலபஸ், லேப், ஃபீஸ் பாருங்க. அந்தம்மாவுக்கு கமிஷன் எங்கருந்து வருதுன்னும் கேளுங்க.

அஞ்சுரோட்டுக்காரன்:
கேட்டேங்க, டீ குடிக்கிறீங்களான்னாங்க 😄 பாத் யுனிவர்சிட்டிக்கும் அப்ளிகேஷன் போட்டாச்சு.